என்பும் உள்ளமும்

மாமல்லபுரத்துக்குச் சென்று மீளும் நம்மனோர் யாவரும் ஆங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தின்முன் சிறிது பொழுதாவது நின்றே வருகின்றனர். யானைகளின் பெருமிதங் கண்டு வியப்போர் பலர். தவம் புரிவதுபோல் நடிக்கும் பூனையைக் கண்டு நகைப்போர் அவரினும் பலர். ஆயின் அப்பூனை யாரைப் பார்த்து நடிக்கின்றதோ அத்தவத்தோனை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. ஒற்றைக்காலில் நின்று, இருகைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, வயிறு உள்ளொடுங்க, விலாவென்புகளை ஒவ்வொன்றாய் எண்ணத்தகும் நிலையில் அவன் நிற்கின்றான். அவனை அருச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்க யாம் ஈண்டுப் புகுந்திலேம். உள்ளத்துள் நிகழும் ஒன்றைக் கல்லிற் காட்டவேண்டிய பல்லவச் சிற்பி, அதனை முகத்திற் காட்டாது என்பிற் காட்டினான் என்பதே எம்மை நிற்கச் செய்தது. உள்ளத்தின் செய்தி என்பின்மேல் எழுதப்படும் என்பதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவன் அறிந்திருந்தான் போலும்.

இங்ஙனம் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்கு அணித்தாகிய தெருவொன்றில் வாழும் எம் பாட்டியார், சென்ற ஆண்டு குளியலறை வாயிற்படியில் வழுக்கி வீழ்ந்தார். அது பெரியதொரு வீழ்ச்சியன்று. சிறு பிள்ளை அங்ஙனம் வீழ்ந்திருப்பின் எழுந்து ஓடியிருக்கும். அவருக்கோ தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. ஆஸ்பத்திரியில் முறிவைச் செவ்வனே பொருத்தினர். அவர்தம் கைத்திறத்திற் குறை சொல்லுதற்கில்லை. ஆயினும் படம் எடுத்தவர், கத்தி வைத்தவர், மருந்து எழுதியவர் ஆகிய எவரும், "அம்மா, இதற்குமுன் எத்தனை நாளாய் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை? வீட்டைவிட்டு வெளியே வந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டிலர். கேட்டிருப்பின், பாட்டனார் மறைந்த நாள் முதலாக இரண்டு ஆண்டுகள் என்பதே விடையாக வந்திருக்கும். அவர்கள் கேளாதது பெரிதன்று. ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய நாங்களும் கேட்டிலோம்.

அன்றுமுதல் எம் நெஞ்சில் ஊன்றிய கருத்து இது: என்பின் நோயையும் உள்ளத்தின் நோயையும் நாம் இருவேறு வாயில்களில் நிறுத்தி வைத்திருக்கின்றோம், அவை ஒரே வீட்டார். என்பு தேய்ந்தவரிடத்தில் உள்ளத்தைப் பற்றிக் கேளாத மருத்துவமும், உள்ளம் சோர்ந்தவரிடத்தில் உடலைப்பற்றிக் கேளாத உபதேசமும் பாதி வேலையே செய்கின்றன. இக்கருத்தை நம் கல்லூரி அன்பர்முன் வைத்து வழக்காடவே இதனை எழுதலுற்றேம்.

தமிழ் பயில்வோர் இதனைக் கேட்டு வியக்கவேண்டுவதில்லை. திருவள்ளுவர் அன்புடைமை என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் நான்கில் என்பினைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். அன்பு, என்பு எனும் எதுகையின் எளிமை கருதியே செய்தார் என்று சிலர் கூறுவர். எதுகை ஒரு முறைக்குக் காரணமாகலாம். நான்கு முறைக்கும் அதுவே காரணம் என்பது புலவரைக் குறைத்து மதிப்பதாகும். உயிர்க்கு உடம்போடு உளதாகிய தொடர்பினைச் சொல்லவந்த இடத்தும் அவர் தசையைச் சொன்னாரல்லர், குருதியைச் சொன்னாரல்லர், என்பையே சொன்னார். சித்த மருத்துவ நூலார் உடலின் தாதுக்களை ஏழாக வகுத்து, என்பினையடுத்து வைத்த தாதுவுக்கு மூளை என்று பெயரிட்டனர். அஃது என்பினுள் இருக்கும் மச்சையைக் குறிப்பது. தலையோட்டினுள் இருந்து நினைப்பதும் மூளை, தொடையெலும்பினுள் இருப்பதும் மூளை! நம் மொழி இவ்விரண்டற்கும் ஒரே சொல்லை வழங்கியது எக்காரணத்தாலாயினும் ஆகுக. எமக்கு அது பெரிதும் உவப்பாயிருக்கின்றது.

வேதாகமத்தைக் கற்றோர்க்கும் இது புதிதன்று. நீதிமொழிகளின் பதினேழாம் அதிகாரத்தில், நெஞ்சம் நொறுங்கியவருடைய என்பு வற்றும் என்னும் கருத்தமைந்த வாசகம் உண்டு. சங்கீதக்காரனும் யோபுவும் தம் துயரைச் சொல்லுமிடத்தெல்லாம் என்புகளையே சான்றுக்கு அழைக்கின்றனர். இவற்றை நாம் சிறு பிராயமுதல் ஓய்வுநாட் பள்ளியில் ஒப்பித்திருக்கின்றோம். ஒப்பித்தோமேயன்றி நம்பினோமல்லோம், உவமை என்று ஒதுக்கிவிட்டோம்.

உவமையன்று, உள்ளதே என்று சொல்லவேண்டுமாயின் புலவர் வாக்கும் ஞானியர் வாக்கும் போதா. ஆதலின் உடல்நூல் கூறுவதைச் சிறிது பார்ப்போம்.

என்பு என்பது வீட்டுக்கு நட்ட தூண்போல் ஒருமுறை அமைந்து கிடப்பதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வளர்ந்த மாந்தர் உடலில் உள்ள 206 என்புகளும் ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்றன. பழைய என்பை அரித்து நீக்கும் உயிரணுக்கள் ஒரு கூட்டம். அவ்விடத்துப் புதிய என்பை இட்டு நிரப்பும் உயிரணுக்கள் மற்றொரு கூட்டம். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுதும் புதிதாகிவிடுகின்றது என்பர். இளமையில் கட்டுவோர் கை ஓங்கும். முப்பது வயதளவில் இருதிறத்தாரும் நிகராவர். பின்னர் இடிப்போர் கை மெல்ல ஓங்கும். மகளிர்க்கு மாதவிடாய் நின்றபின் அவ்விடிப்பு விரைவுபெறும். கட்டுவதினும் இடிப்பது மிகுந்து, என்பின் உள்ளிடம் தேன்கூடு நைந்தாற்போல் ஆகும் நிலையையே மருத்துவர் ஆஸ்டியோபொரோசிஸ் என்கின்றனர். நாம் என்புத் தேய்வு என்போம். அது வருவது தெரியாது, வலியுமில்லை, முறிந்த பின்னரே தன்னை அறிவிக்கும்.

இக்கொத்தரை மேற்பார்ப்பவர் யார்? உணவிலுள்ள சுண்ணச்சத்தும், வெயிலால் தோலில் விளையும் வைட்டமின் டி-யும், உடலின் உழைப்பும் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். மூளையும் மேற்பார்க்கின்றது என்பதே அண்மைக் காலத்துத் தெளிவு. துன்பமும் அச்சமும் நீடிக்குங்கால் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் நீரை மிகுதியாய்ச் சுரக்கின்றன. சிறிது காலத்துக்கு அது காவல். நெடுங்காலத்துக்கு அதுவே கொள்ளை. என்பு கட்டும் அணுக்களை அது தளரச்செய்யும். குடல் சுண்ணச்சத்தை ஏற்பதையும் குறைக்கும். ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1932-ஆம் ஆண்டில் விரித்தெழுதிய நோயில் இந்நீர் கட்டிகளின் காரணமாக அளவிறந்து பெருகும். அந்நோயாளரிடத்தில் என்பு நொறுங்குதலும் உளச்சோர்வும் ஒருங்கே காணப்படுகின்றன. கழுத்தில் தைராய்டின் பின்புறத்தே அமைந்த பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் மிகைப்பட்டாலும் அவ்வாறே என்பும் நைகின்றது, மனமும் நைகின்றது. ஒரு சுரப்பி கெட இரண்டும் கெடுமாயின், இரண்டற்கும் இடையே சுவர் எழுப்பியவர் நாமே அன்றோ?

அமெரிக்க நாட்டில் 1996-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடும் உளச்சோர்வுற்ற மகளிர் 24 பேரையும், அவர்க்கு வயதாலும் பிறவாற்றாலும் ஒத்த நலமுடைய மகளிரையும் அளந்து பார்த்தபோது, சோர்வுற்றாரின் என்பு திண்மை குறைந்து காணப்பட்டது. இடுப்புப் பகுதியில் அக்குறை நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டது. அவர்கள் முதியரல்லர் என்பது கருதத்தக்கது. 24 பேரைக் கொண்டு உலகத்தை அளக்கலாமோ என்று கேட்பாருக்கு, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து ராஸ் யிர்மியா என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் செய்த வேலை விடையாகும். 2006-இல் அவர்கள் எலிகளை இடைவிடாத சிறு துன்பங்களுக்கு உட்படுத்தினர். அவை சோர்ந்தன, சோர்ந்தபோது என்பும் இழந்தன. உளச்சோர்வுக்குரிய மருந்தைக் கொடுக்க, என்பிழப்புத் தடைப்பட்டது. மூளையினின்று என்புக்குச் செல்லும் நரம்பு வழியே இச்செய்தி செல்கின்றது என்றும் அவர்கள் காட்டினர். பின்னர் 2009-இல் எட்டு நாடுகளில் நிகழ்ந்த 23 ஆய்வுகளைத் தொகுத்து, சோர்வுற்றார் 2,327 பேரையும் அல்லாதார் 21,141 பேரையும் ஒப்பிட்டபோதும் முடிவு மாறவில்லை.

நேர்மை கருதிச் சில சொல்லவேண்டும். சோர்ந்தவர் உண்பது குறைவு, நடப்பது குறைவு, வெயிற் காண்பது குறைவு. என்பு தேய்ந்தது துயராலோ அன்றித் துயர் விளைத்த இவ்வொழுக்கத்தாலோ என்று முற்றும் பிரித்தறிதல் அரிது. சோர்வை நீக்கும் மருந்துகளுள்ளும் சில முதியோரின் என்பு முறிவோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டுள்ளன. அதுகொண்டு எவரும் தம் மருந்தைத் தாமே நிறுத்தற்க, மருத்துவரைக் கேட்க. மற்றும், வைட்டமின் டி மாத்திரையை விழுங்கினால் மனமும் மலரும், என்பும் வலுக்கும் என்று கடைவீதியிற் கேட்கும் பேச்சு நம்பத்தக்கதன்று. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் 18,353 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடத்திய சோதனையொன்றின் முடிவு 2020-இல் வெளிவந்தது; அம்மாத்திரை உண்டார்க்கும் உண்ணார்க்கும் உளச்சோர்வு வருவதில் வேற்றுமை காணப்படவில்லை. குறைவுள்ளவர்க்குக் குறைவை நிரப்புதல் வேறு. மாத்திரையால் மகிழ்ச்சி வாங்குதல் வேறு.

வெயிலைப் பற்றிப் பேசும்போது நம் கடற்கரையை நினையாதிருத்தல் இயலாது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையில் ஆண்டு முழுதும் வெயில் பொன்னாய்ப் பொழிகின்றது. ஆயினும் நம் நாட்டில் வைட்டமின் டி-க் குறைவு பரந்து கிடக்கின்றது என்று மருத்துவர் பலகாலும் எழுதிவருகின்றனர். வெயில் இருந்தென்? வெயிலில் நாம் இருத்தல் வேண்டுமே. கடற்கரைச் சிற்றூர்களினின்று தலையிற் கூடை சுமந்து நடக்கும் மீனவப் பெண்டிரையும், உளியுங் கையுமாய்த் திறந்த கொட்டகையில் அமர்ந்த மாமல்லபுரத்துச் சிற்பியரையும் ஒருபுறம் வைத்து, கதவடைத்த அறையில் விளக்கொளியில் வாழும் நம் நகரத்து மூதாட்டியரை மற்றொரு புறம் வைத்து நோக்குக. என்பு தன்மேல் ஏறும் பாரத்துக்கு ஏற்பவே தன்னை அமைத்துக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1892-இல் நிறுவினார். பாரமே இல்லாத விண்வெளியில் உலவும் வீரர்க்கு இடுப்பென்பில் திங்கள்தோறும் நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைகின்றது என்பர். மீனவப் பெண்டிர்க்குத் துயரில்லை என்று யாம் சொல்லவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அக்கரையில் நடந்ததை அறிந்தவர் எவரும் அங்ஙனம் சொல்லார். ஆயின் அவர்தம் துயரம் நடந்துகொண்டே இருக்கின்றது. நம் வீட்டு முதியோரின் துயரமோ கட்டிலோடு கட்டுண்டு கிடக்கின்றது. விண்வெளிக்குப் போகாமலே நம் பாட்டிமார் பலர் விண்வெளியில் வாழ்கின்றனர்.

இனி, இவ்வழக்கிற்கு உலகறிந்த சான்று நம் மாவட்டத்திலேயே இருத்தலைச் சொல்லல் வேண்டும். செங்கற்பட்டையடுத்த திருமணியில் 1920-களில் இலேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய்ச் சானடோரியம் ஒன்று நிறுவப்பட்டது. 1955-இல் இந்திய அரசாங்கத்தார் அதனை ஏற்று, தொழுநோய் பற்றிய மத்திய போதனை ஆராய்ச்சி நிலையமாக்கினர். மிஷன் மருத்துவராகிய இராபர்ட் காக்ரேன் ஆங்குப் பணியாற்றிய காலத்தில், கொல்லிமலையிற் பிறந்தவரும் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவருமாகிய பால் பிராண்ட் என்னும் என்பறுவை மருத்துவர் அதனைப் பார்வையிட வந்தார். தோட்டத்தினிடையே நடந்துசென்ற அவர் கண்கள் நோயாளர் முகங்களினும் அவர்தம் கைகளையே நாடின. விரல்கள் மடங்கிக் குறுகிய ஓர் இளைஞனை அழைத்துத் தம் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார். வலுவற்ற கை என்று எண்ணியிருந்தவர்க்குப் பிடி இரும்பாக இருந்தது. சில தசைகள் செயலற்றபோதும் சில முழு வலிவோடு இருக்கின்றன, ஆகவே அக்கையைத் திருத்தலாம் என்பது அவ்விறுக்கத்திலேயே அவருக்கு விளங்கிற்று. இத்துணைப் பேருடைய கை கால்களைக் கெடுக்கும் நோயை என்பு மருத்துவர் எவரும் அதுவரை எடுத்து ஆராயவில்லை என்று காக்ரேன் சொல்லக் கேட்டுப் பிராண்ட் திகைத்தார். கை என்பு மருத்துவருடையது. நோய் தொழுநோய் மருத்துவருடையது. இடையில் நின்ற மனிதன் எவருடையவனும் அல்லன். எம் பாட்டியாரை எண்ணும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி எமக்கு நினைவுக்கு வருகின்றது.

தொழுநோயாளர் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பிவந்தது. பிராண்டும் அவர்தம் தோழரும் அதனைப் பொய்யென்று காட்டினர். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட வலி போகின்றது. வலி போகவே சூடான பாத்திரமும் முள்ளும் கல்லும் உணரப்படா. புண்மேற் புண் உண்டாகிச் சீழ்கொள்ள, உள்ளிருக்கும் என்பு சிறிது சிறிதாய்க் கரைந்து மறைகின்றது. ஆண்கள் சிலர்க்கு விதைகளையும் நோய் தாக்குதலால் ஆண்மைச் சுரப்புக் குறைந்து உடல் முழுதும் என்பு நைதலும் உண்டு. இவ்வளவும் உடலின் கதை. விரல் திருத்தப்பெற்ற பின்னரே மற்றைக் கதை தெரியவந்தது. கை நேராயிற்று; ஆனால் வேலை தருவார் இல்லை. பிச்சை எடுக்கலாம் என்றாலோ, நேரான கையைக் கண்டு இரங்குவாரும் இல்லை! ஆகவே பிராண்ட் வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஓரிடம் அமைத்து, மரத்தால் பொம்மைகள் முதலியன செய்யக் கற்பித்தார். என்பைத் திருத்திய கைக்கு உளியைக் கொடுத்தாலன்றி உள்ளம் திருந்தாது என்பதை அவர் கண்டுகொண்டார். உள்ளம் திருந்தாதார் கையைக் காவார். காவாத கை மீண்டும் புண்ணாகும். புண்ணான கையில் என்பு மீண்டும் கரையும். இச்சுழல் திருமணியில் கண்கூடு. நம் இல்லங்களில் அது மெல்லச் சுழல்வதால் நமக்குத் தெரிவதில்லை.

இன்று கூட்டு மருந்தால் தொழுநோய் முற்றும் தீரும். உலகச் சுகாதார நிறுவனம் அதனை 1981-இல் பரிந்துரைத்தது. 2005-ஆம் ஆண்டு இறுதியில், பொதுச் சுகாதாரக் கேடு என்னும் அளவில் அஃது ஒழிந்ததாக இந்தியா அறிவித்தது. எனினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓரிலக்கம் பேர் நம் நாட்டில் இந்நோயோடு புதிதாய்க் கண்டறியப்படுகின்றனர். கிறிஸ்தவராகிய நமக்கு நாணம் தரும் செய்தி ஒன்றும் உண்டு. நம் சமுதாயத்துக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், தொழுநோய் மணவுறவைத் துறப்பதற்கு ஏற்ற காரணமாகவே இருந்துவந்தது. 2019-இற்றான் அது நீக்கப்பட்டது. மருந்து வந்து நெடுங்காலம் கழிந்தும், கணவனால் அல்லது மனைவியால் கைவிடப்படலாம் என்ற அச்சம் சட்டப் புத்தகத்தில் அச்சேறிக் கிடந்தது. அவ்வச்சத்தின்கீழ் வாழ்ந்தோரின் என்பை அளந்தார் யார்?

இங்கு நம் சபையாரைப் பற்றி ஒரு சொல். குற்றம் காணும் விருப்பத்தால் அன்று. நாமும் அவருள் ஒருவர் என்னும் உரிமையாலேயே சொல்லுகின்றோம். எம் பாட்டியார் படுத்த படுக்கையாய்ச் சுவரை நோக்கிக் கிடந்த நாள்களில் அவரைக் காண வந்தோர் பலர். அன்போடு வந்தனர், பழம் கொண்டுவந்தனர், ஜெபித்தனர். அவருட் சிலர், விசுவாசம் தளர்ந்ததாலேயே இத்துக்கம் என்றும், ஜெபத்திற் குறைந்ததாலேயே இவ்வேதனை என்றும் அவர் செவிகேட்கவே கூறினர். ஒருவர், கர்த்தருக்குள் மகிழ்ந்திருப்பார்க்கு மனநோய் இல்லை என்று முடிவுரையே வழங்கிச் சென்றார். நாற்பதாண்டுகளாக விடியற்காலையில் வேதம் வாசித்த ஒரு மூதாட்டிக்கு, இடுப்பு முறிந்த வேதனையோடு, பாவம் செய்தோமோ என்ற வேதனையும் அன்று சேர்ந்தது. எலும்புத் தேய்வுக்குச் சுண்ணச்சத்து மாத்திரை தந்தால் அதனை அவிசுவாசம் என்பார் எவருமில்லை. உள்ளத்தேய்வுக்கு மருத்துவரை நாடினால் மட்டும் அவிசுவாசம் ஆகிவிடுகின்றது. இஃது எந்த ஆகமத்தில் எழுதப்பட்டது?

எழுதப்பட்டிருப்பது வேறு. தீர்க்கதரிசியாகிய எலியா, கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட பின்னர், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து சாவை வேண்டினான். அவனை விசுவாசம் குறைந்தவன் என்று எவரும் சொல்லத் துணியார். அவனிடத்துக்கு வந்த தூதன் பிரசங்கம் செய்தானல்லன். அவனைத் தொட்டு எழுப்பி, தழலிற் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவன் உண்டு மீண்டும் உறங்கினான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னான். அதன்பின்பே அவன் நாற்பது நாள் நடந்தான். நடந்தபின்பே கடவுள் அவனோடு பேசினார். உணவு, உறக்கம், நடை, பின்பு பேச்சு: இம்முறையை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். லூக்கா எழுதிய சுவிசேஷத்திலும் பதினெட்டாண்டு நிமிரமாட்டாதிருந்த கூனி ஒருத்தியைக் காண்கின்றோம். அவள் தானாகக் கேட்கவில்லை. இயேசு அவளைக் கண்டு தம்மிடம் அழைத்தார். கூன் விழுந்தவர் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பது அரிது. ஆகவே பார்ப்பவர் தாமே முந்திப் பார்த்தல் வேண்டும்.

உடன்பயிலும் நண்பர்க்கும் இதில் வேலை உண்டு. நமக்கு வயது பத்தொன்பது, இருபது. என்புக் கருவூலத்தில் சேர்க்கவேண்டியதன் பெரும்பகுதியை இதுகாறும் சேர்த்துவிட்டோம். எஞ்சிய சிறுபகுதியைச் சேர்க்கச் சில ஆண்டுகளே உள. அவ்வாண்டுகளை விடுதியறையில் கதவைத் தாழிட்டுப் போக்குவார் நம்முள் இல்லையா? காலையுணவுக்கு வாராது, மாலை விளையாட்டுக்கு வாராது, கேட்டால் படிப்பென்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரையேனும் ஒவ்வொரு விடுதியும் அறியும். அவரைச் சோம்பரென்று நகையாடுகின்றோம். நம் சமூக சேவைச் சங்கத்தார் ஆண்டுக்கொருமுறை பழக்கூடையோடு முதியோர் இல்லம் சென்று படமெடுத்து மீள்வதை யாம் இகழவில்லை. எனினும் அடுத்த அறையின் கதவைத் தட்டுவதற்குக் கூடையும் வேண்டா, படப்பெட்டியும் வேண்டா. சங்கத்தார் வாரம் ஒருநாள் காலையில், கல்லூரியைச் சூழவாழும் முதியோர் சிலரைக் கைபிடித்து அரைமணி வெயிலில் நடத்திச் செல்லும் பணியை ஏற்பாராயின், நடப்பாரும் நடத்துவாரும் ஒருங்கே பயன்பெறுவர். ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகின்றோம்.

எம் பாட்டியாரின் கதையை இடையில் விட்டோம். முறிவு பொருந்தி மூன்று திங்களாகியும் அவர் எழவில்லை. கால் எழும், தாம் எழார் என்ற நிலை. எம் அத்தையார் ஒருநாள் துணிந்து மனநோய் மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். அண்டையார் காணாதபடி இருட்டியபின் அழைத்துவந்தார் என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். அவர் நெடுநேரம் பாட்டனாரைப் பற்றியே பேசச் செய்தார். மருந்து எழுதினார். என்பின் திண்மையை அளந்து அதற்குரிய மருந்தையும் தொடங்குமாறு என்பு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். ஒரு மருத்துவர் மற்றவருக்கு எழுதிய அந்தச் சிறு தாளே எம் வீட்டில் நிகழ்ந்த பெரிய அற்புதம். நாள்தோறும் காலையில் நாற்காற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு மொட்டைமாடிவரை செல்லவேண்டும் என்று கட்டளை. முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரம் எம்மை வைதார். வைதது கேட்டு வீட்டார் மகிழ்ந்தது அன்றுதான்.

சென்ற விடுமுறையில் யாம் ஊரிலிருந்தோம். மாமல்லபுரக் கரையினின்று மீன் கொண்டுவரும் அம்மையார் தெருவில் குரல் கொடுத்தார். யாரேனும் செல்லுமுன் சட்டத்தின் ஒலி முற்றத்தில் கேட்டது. பாட்டியார் வாயிற்படியில் நின்று நெத்திலியின் விலை கேட்டார். முள்ளோடு முழுதாய் உண்ணத்தக்க அம்மீனே சுண்ணச்சத்துக்கு நல்லதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாட்டியார்க்கோ அது சிறுபிராயமுதல் பிரியமான மீன். கூடைக்காரர் சொன்ன விலை அவருக்கு ஒவ்வவில்லை. வெயில் முகத்தில் அடிக்கக் கால்மணி நேரம் நின்று வாதாடிப் பத்து ரூபாய் குறைத்து வாங்கினார், "ரெண்டு வருஷமா எங்க போயிருந்தீங்க, ஆளையே காணோம்?" என்று கூடைக்காரர் கேட்டதற்கு, "இங்கதான் இருந்தேன்" என்றார்.